மூணு கம்பியைத் தளர்த்துங்க: கிட்டாரில் ஒரு அண்ணாமலைப் பண்

ஹாஸ்டல் ரூம்ல கிட்டார் இருக்கா? ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. திருஞானசம்பந்தர் திருவண்ணாமலையைப் பாடின பதிகம் ரெண்டு. அதுல முதலாவது, முதல் திருமுறையின் பத்தாம் பதிகம். ஓதுவார் யாராவது பாடின பதிவு ஒண்ணை எடுத்து, சுருதியை டி-க்குக் கொண்டு வாங்க. அதுக்கு டி, ஜி, ஏ கார்டுகளை அடிங்க. நாம எல்லாரும் முதல் மாசத்துல கத்துக்கிற அதே மூணு கார்டு. பொருந்துற மாதிரித்தான் இருக்கும். ஆனா பாட்டு வேற ஒண்ணா மாறியிருக்கும்.

ஏன்? அந்தப் பதிகத்தோட பண் நட்டபாடை. இன்னிக்கு அதைக் கம்பீர நாட்டை ராகத்துல பாடுறாங்க. அதுல வர்றது ஸ, க, ம, ப, நி மட்டும். ரி கிடையாது, த கிடையாது. ஸ-வை டி-ன்னு வச்சா, ஸ்வரங்கள் டி, எஃப் ஷார்ப், ஜி, ஏ, சி ஷார்ப். இப்போ கார்டைப் பிரிச்சுப் பாருங்க. ஜி கார்டுக்குள்ள ஒரு பி இருக்கு, அது த. ஏ கார்டுக்குள்ள ஒரு ஈ இருக்கு, அது ரி. அதாவது மூணு கார்டுல ரெண்டு, பண் ஒதுக்கி வச்ச ஸ்வரத்தை உள்ளே இழுத்துட்டு வருது.

எங்க ஊர் அடி அண்ணாமலை. பெரிய கோயில் மலையோட கிழக்கு அடிவாரத்துல இருக்கு; 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில நாங்க மலைக்குப் பின்பக்கம். திருவெம்பாவை இங்கேதான் பாடப்பட்டதுன்னு மரபு. மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயிலே இருக்கு. இந்தப் பாட்டெல்லாம் காதுல விழுந்துதான் வளர்ந்தேன். ஆனா எனக்கு இசை பாடமா வந்தது இங்கிலீஷ்ல, கார்டு சார்ட் வழியா. உங்கள்லயும் நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும். இந்த ரெண்டையும் சேர்க்க ஒரு வழி இருக்கு: கார்டை விட்டுட்டு ட்யூனிங்கை மாத்துறது.

ட்யூனிங்

தடித்த கம்பியில இருந்து வரிசையா டி, ஏ, டி, ஜி, ஏ, டி. கிட்டார்காரங்க இதை ஒரே வார்த்தையா ‘டேட்கேட்’னு சொல்வாங்க. 1960-களின் தொடக்கத்துல இங்கிலாந்தைச் சேர்ந்த டேவி கிரஹாம் இதைப் பரவலாக்கினார். மொராக்கோவுல ஊத் என்ற வாத்தியத்தோட சேர்ந்து வாசிக்க வழி தேடினப்போ அவருக்குக் கிடைச்சது இது. லெட் ஸெப்பெலினோட ‘காஷ்மீர்’ (1975) இதே ட்யூனிங்தான்.

ஸ்டாண்டர்டுல இருந்து மாத்த வேண்டியது மூணே கம்பி:

6-ம் கம்பி: ஈ-யில் இருந்து டி. 4-ம் கம்பிக்குச் சரியா ஒரு ஸ்தாயி கீழே கேக்கணும்.
2-ம் கம்பி: பி-யில் இருந்து ஏ. 3-ம் கம்பியோட 2-ம் ஃப்ரெட்டும் இதுவும் ஒண்ணா ஒலிக்கணும்.
1-ம் கம்பி: ஈ-யில் இருந்து டி. 2-ம் கம்பியோட 5-ம் ஃப்ரெட்டும் இதுவும் ஒண்ணா ஒலிக்கணும்.

மூணுமே தளர்த்துறதுதான், அதனால கம்பி அறுந்துடுமோன்னு பயம் வேண்டாம். கம்பியோட அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம்னு படிச்சிருக்கோம். ரெண்டு செமிடோன் இறங்கினா அதிர்வெண் சுமார் 11 சதவீதம் குறையும், இழுவிசை சுமார் 21 சதவீதம் குறையும். கம்பி தொளதொளன்னு இருக்கும், ஓங்கி மீட்டினா ஃப்ரெட்ல அடிச்சு இரையும். மெதுவா மீட்டுங்க.

இப்போ ஆறு கம்பியையும் எதையும் அழுத்தாம மீட்டுங்க. ஸ, ப, ஸ, ம, ப, ஸ. ஒரு தம்புராவைக் கையில வச்சிருக்கிற மாதிரி இருக்கும். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, ஏன்னா அதைத் தீர்மானிக்கிற க இங்கே இல்லவே இல்லை. அதை எங்கே வைக்கிறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

ரெண்டே மாறிகள்

கம்பி:ஃப்ரெட் என்ற முறையில எழுதுறேன். கம்பீர நாட்டை ஆரோகணம்:

ஸ 4:0, க 4:4, ம 3:0, ப 2:0, நி 2:4, ஸ 1:0

ஆறு ஒலியில நாலு திறந்த கம்பி. விரல் வைக்கிற இடம் ரெண்டுதான், ரெண்டுமே 4-ம் ஃப்ரெட். இன்னும் பாருங்க: 3-ம் கம்பியைத் தவிர மற்ற அஞ்சு கம்பியிலும் 4-ம் ஃப்ரெட் க-வாகவோ நி-யாகவோதான் இருக்கும். மந்திர ஸ்தாயிக்கு இறங்கணுமா? ஸ 4:0, நி 5:4, ப 5:0. அதே கை, அதே ஃப்ரெட்.

அப்புறம்தான் சுவாரசியம். ஸ, ம, ப மூணும் திறந்த கம்பியிலயே நிலையா இருக்கு. மீதி ரெண்டு ஸ்வரம்தான் மாறிகள்: 4-ம் கம்பியில ஒண்ணு, 2-ம் கம்பியில ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் 1-ல இருந்து 4 வரை நாலு ஃப்ரெட். 4 × 4 = 16 ஐந்து ஸ்வர வரிசைகள். உங்களுக்கு ஏற்கெனவே கேட்டுப் பழகின சிலது (முதல் எண் 4-ம் கம்பி, அடுத்தது 2-ம் கம்பி):

1, 3: ரேவதி
2, 2: சுத்த சாவேரி
2, 3: மத்தியமாவதி, தேவாரத்துல செந்துருத்திப் பண்
3, 3: சுத்த தன்யாசி
4, 2: நாகஸ்வராவளி
4, 4: கம்பீர நாட்டை

ஒரு விரலை ஒரு ஃப்ரெட் நகர்த்தினா சுத்த சாவேரி மத்தியமாவதி ஆகுது. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்ல இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வலது கை

கட்டைவிரலுக்கு 6, 5, 4 கம்பிகள், ஆள்காட்டி விரலுக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 1. முதல்ல கட்டைவிரல் மட்டும்: 6, 5, 6, 5 என்று ஆதி தாளத்துக்கு நிதானமா. அது கை தானா போற அளவுக்கு வந்ததும் மேலே ஆரோகணத்தைச் சேருங்க. அடுத்த ஸ்வரம் வேற கம்பிக்கு மாறுற இடங்கள்ல முந்தினது அடங்காம அடுத்ததோட சேர்ந்து ஒலிக்கும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. யாழ்ல ஃப்ரெட் கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். பண்ணுக்குத் தகுந்தபடி நரம்பைக் கூட்டணும். அறிவியல் படிச்ச விபுலாநந்த அடிகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையை வச்சு இந்தக் கணக்கை ‘யாழ் நூல்’னு 1947-ல ஒரு பெரிய புத்தகமாவே போட்டார்.

எது கிடைக்காது

ஸ்வரப் பட்டியல் வேற, ராகம் வேற. அசைவு இல்லாம வாசிச்சா ராகத்தோட எலும்புக்கூடுதான் கேக்கும். திறந்த கம்பியை அசைக்க முடியாது, அதுதான் இந்த ட்யூனிங்கோட விலை. அதனால ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இன்னொரு இடத்தையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ம 3:0-ல் மட்டுமில்ல, 4:5-லயும் இருக்கு. க-வை 4:4-ல் மீட்டி, விரலை எடுக்காம 5-க்குச் சறுக்கினா க-வும் ம-வும் ஒரே மூச்சுல வரும். 2-ம் கம்பியில நி-யில் இருந்து ஸ-வுக்கும் அதே 4, 5. பாட்டு எங்கே வழுக்கிப் போகுதோ அங்கே சறுக்கல், எங்கே நிக்குதோ அங்கே திறந்த கம்பி. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல இன்ஜினியரிங் படிச்ச ஆர். பிரசன்னா கிட்டார்ல கர்நாடக இசை வாசிக்கிறதைக் கேளுங்க. ஃப்ரெட் இருக்கிற வாத்தியத்துல எவ்வளவு தூரம் போகலாம்னு புரியும்.

இந்த வாரத்துக்கு

முதல் ரெண்டு நாள் திறந்த கம்பியும் கட்டைவிரலும் மட்டும். அடுத்த ரெண்டு நாள் 4, 4 வரிசை, ஏறி இறங்கி. அதுக்கப்புறம் பதிகத்தோட முதல் வரியை மட்டும் காதால கேட்டு எடுங்க. டேப் தேடாதீங்க, தப்பா போனா 16-ல் வேற கட்டத்துக்குப் போயிட்டீங்கன்னு காதே சொல்லும்.

திரும்ப ஸ்டாண்டர்டுக்கு ஏத்தும்போது மெதுவா ஏத்துங்க, ஒரு சுத்து முடிஞ்சதும் இன்னொரு முறை சரிபாருங்க. இழுவிசை மாறினதால முதல்ல சேர்த்த கம்பி இறங்கியிருக்கும்.

16-ல் ஆறுக்குத்தான் இங்கே பேர் போட்டிருக்கேன். மீதி பத்தையும் வாசிச்சு, பாட்டு தெரிஞ்ச யார்கிட்டயாவது போட்டுக் காட்டி, பேர் கேட்டு எழுதிக்கோங்க. உங்க வீட்டுப் பாட்டியா இருந்தாலும் சரி.