பெக்கோ பாதையில் சைக்கிள்: எந்த மாதம், எந்தப் பக்கம்?

இலங்கை மலையகத்தில், கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று வளைந்து நுவரெலியாவில் முடிகிறது பெக்கோ பாதை. 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் நடப்பவர்களை நினைத்து அமைத்ததுதான். ஆனாலும் பெரும்பகுதி, கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் போய்வர வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தோட்டப்பாதை என்பதால் சைக்கிளும் ஓடும். துணைக்கு வண்டியோ வழிகாட்டியோ இல்லாமல், சாமானைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் முழுச் சுற்றுக்கும் ஆசைப்படுவார். முதல் பயணத்துக்குப் பாதி போதும் என்பேன். எந்தப் பாதி என்பதை மாதம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதற்குத் தேயிலையைவிட நல்ல நாட்காட்டி கிடையாது. ஹட்டன் இருக்கும் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்கு மணம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஹப்புத்தளை, எல்ல இருக்கும் ஊவாப் பக்கத்துத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. வறண்ட காற்றடித்துக் கொழுந்து மெதுவாக வளரும் காலம் அது. சைக்கிளுக்கும் அதுவே நல்ல காலம். ஜூலையில் தென்மேற்குப் பருவமழை நோர்வூட், பொகவந்தலாவையில் கொட்டும்போது ஹப்புத்தளை, எல்லப் பக்கம் மலை மறைவில் காய்ந்து கிடக்கும். பிப்ரவரி என்றால் ஹட்டன் பக்கம் போங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் எந்தப் பக்கமானாலும் பிற்பகலில் இடி மின்னல்; விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் ஒதுங்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாள்தான் கையில் இருக்கிறதென்றால் ஹந்தானையிலிருந்து கலஹா வழியாக லூல்கந்துர. இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது.

தோட்டப்பாதையா, தார் ரோடா? ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியே ஏறும் ஏ7 வீதியில் கடையும் ஆளும் உண்டு, ஏற்றமும் சீரானது. ஆனால் குறுகலான வளைவுகளில் பஸ்ஸும் லொறியும் உரசிக்கொண்டு போகும். இரவில் அதில் ஓட்டவே வேண்டாம். என் தேர்வு தோட்டப்பாதைதான். அதன் கஷ்டத்தையும் தெரிந்துகொண்டு வாருங்கள்: ஏறிய உயரத்தையெல்லாம் அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கித் தொலைப்பீர்கள். கல் பாவிய இறக்கத்தில், மழைநீர் ஓடப் பாதையின் குறுக்கே வெட்டிய கான் வளைவு திரும்பியதும்தான் கண்ணில் படும். முன்சக்கரம் அதில் இறங்கினால் ஆள் முன்னால் விழுவார். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத டயர், நல்ல தாழ்ந்த கியர், கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக் போதும். ஹைட்ராலிக் பிரேக் கோளாறானால் தோட்டத்துக் கடையில் பழுதுபார்க்க முடியாது. தார் ரோட்டில் போகும் தூரத்தில் பாதியை ஒரு நாளுக்குக் கணக்கிடுங்கள்.

கூடாரத்தை வீட்டில் வைத்துவிடலாம். தேயிலை மலை கம்பெனி நிலம். இருட்டினால் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் நடமாடும், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு வேறு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இடம் கேட்பதும் கூடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்கிறது. கேட்டால் மறுக்க அவர்களுக்கு மனம் வராது. தினமும் ஏதாவது ஒரு சிறுநகரில் தங்குமிடத்தை எட்டும்படி தூரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பகலில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் தோட்டக் கடையிலேயே வாங்குங்கள். அந்தப் பணம் அங்கேயே தங்கட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் பல இடங்களில் மண்சரிவை உண்டாக்கியது. அதற்கு முன் பதிவான ஜிபிஎஸ் தடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ரயிலில் திரும்ப நினைப்பவர்கள் சேவை எதுவரை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலோ கொழுந்து நிறுக்கும் மடுவத்திலோ பாதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், சரியான நிலவரம் கிடைக்கும். “அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி, குளவி கலைஞ்சிருக்கு” என்று கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் சொன்னால், இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்று பார்க்காமல் சைக்கிளைத் திருப்புங்கள். குளவி கொட்டித் தொழிலாளர் உயிரிழந்த மலைகள் இவை.