சொல் அறிவோம்: 'கசின்' என்றால் யார்?



இம்முறை நாம் படிக்கப்போவது 'கசின்' என்ற ஆங்கிலச் சொல். பிள்ளைகள் வாயில் தினமும் வரும் சொல்தான். ஆனால் பாரம் நிரப்பும்போது இதில் பலரும் தடுமாறுகிறார்கள்.

பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளை நாம் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி என்கிறோம். மாமன், அத்தை பிள்ளைகள் நமக்கு முறைக்காரர். மச்சான், மச்சினி என்கிறோம். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. ஆணோ பெண்ணோ, மூத்தவரோ இளையவரோ, எல்லாரும் 'கசின்' தான். இச்சொல் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் அது முதலில் தாயின் சகோதரி பிள்ளையைத்தான் குறித்தது. நமக்கோ அந்தப் பிள்ளை அண்ணன், தம்பி!

'பிரதர்', 'சிஸ்டர்' என்பது கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும். 'நம்ம அண்ணன்தானே' என்று சித்தப்பா மகனை 'பிரதர்' என எழுதினால் என்ன ஆகும்? ஈ.பி.எப். பணத்தை எடுத்துக்கொள்வோம். நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, நிர்வாகம் போடுவது 12. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு. நமக்குப் பிறகு அது யாருக்கு என்று எழுதும் இடத்தில் 'பிரதர்' என்றிருக்கும். அவருடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறாக இருக்கும். பிறகு விளக்கம், சத்தியக்கடதாசி என்று அலைச்சல்தான். துக்க வீட்டுக்கு அது இன்னொரு பாரம்.

இன்னொன்று. ஆண்கள் அண்ணன், தம்பி பிள்ளைகளையும் 'மகன்', 'மகள்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் மகன் முறை 'நெவியூ', மகள் முறை 'நீஸ்'. தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, சித்தப்பா வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் லயங்களில் நிறையப் பேர். பள்ளிக்கூடப் பாரத்தில் தகப்பன் பெயருக்கு நேரே சொந்தத் தகப்பன் பெயரையே எழுதுங்கள். காடியன் என்ற இடத்தில் சித்தப்பா பெயர், உறவு 'அங்கிள்'.

வீட்டில் அண்ணனை அண்ணன் என்றே கூப்பிடுவோம். பாரத்தில் மட்டும் பாரத்தின் சொல்லை எழுதுவோம்.

பயிற்சி: பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.
1. அத்தை மகள்
2. தங்கச்சி மகன்
3. அம்மாவின் தம்பி

விடை: 1. கசின் 2. நெவியூ 3. அங்கிள்

பழைய பாரத்தில் உறவு பிழையாக எழுதியிருந்தால், பிறப்புச் சான்றிதழோடு தோட்டத்து ஆபிசுக்கு வாருங்கள். திருத்தம் செய்ய நாங்கள் உதவுவோம்.