அம்மாவை 'டியூட்' என்று கூப்பிடலாமா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போனில் "டியூட், சாப்பிட்டியா?" என்கிறாள். பக்கத்தில் இருக்கும் தோழியிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, என்னைத்தானாம்! ஆம்பளைப் பசங்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிடுகிற சொல் அல்லவா அது? போதாக்குறைக்கு, யானையின் பின்பக்கத்து முடிக்குத்தான் அந்தப் பெயர் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார். நான் கோபப்படலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: யானை முடிக் கதை யாரோ விளையாட்டாகக் கட்டிவிட்டது. நம்பத்தகுந்த எந்த அகராதியிலும் அப்படி ஒரு பொருள் கிடையாது. அதற்காக அந்தச் சொல் நல்ல குடும்பத்தில் பிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. பிறந்தபோது அது கேலிப் பெயர்தான்.

1883-இன் நியூயார்க்கில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சிலர் இறுக்கமான கால்சட்டை, கழுத்தை நிமிர்த்தும் காலர், கையில் தடி என்று திரிந்தார்கள். லண்டன் துரைமார் மாதிரி பேசவும் பழகிக்கொண்டார்கள். நாம் 'மைனர்' என்போமே, அந்த ரகம். முந்தைய ஆண்டுதான் ஆஸ்கர் வைல்ட் அமெரிக்கா முழுக்கச் சுற்றிச் சொற்பொழிவாற்றி அழகியல் மோகத்தைக் கிளப்பிவிட்டிருந்தார். 1883 ஜனவரியில் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ராபர்ட் சேல் ஹில் என்பவர் இந்த மைனர்களைக் கிண்டலடித்து ஒரு கவிதை எழுதினார். தலைப்பிலேயே 'டியூட்' இருந்தது. சில மாதங்களுக்குள் பத்திரிகைக்குப் பத்திரிகை டியூட் நையாண்டிதான்.

சொல் எதிலிருந்து வந்தது? துணிமணியைக் குறிக்கும் 'டட்ஸ்' என்ற பழைய சொல்லோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. எனக்கு அதைவிட நம்பத்தக்கதாகப் படுவது ஜெரால்ட் கோஹனும் பாரி போபிக்கும் பழைய பத்திரிகைகளைத் துழாவி முன்வைத்த விளக்கம். 'யாங்கி டூடுல்' என்ற 18-ஆம் நூற்றாண்டுப் பாட்டில், தொப்பியில் இறகு ஒன்றைச் செருகிக்கொண்டு தன்னைப் பெரிய நாகரிகக்காரனாக நினைத்துக்கொள்ளும் நாட்டுப்புறத்தான் ஒருவன் வருவான். அந்த 'டூடுல்' வால் அறுந்து 'டூட்' ஆயிற்று என்கிறார்கள். அமெரிக்கர்கள் இன்றும் 'டூட்' என்றுதான் உச்சரிக்கிறார்கள்.

மேற்கே மாட்டுப் பண்ணைகள் இருந்த பகுதிக்குப் போனதும் பொருள் கொஞ்சம் நகர்ந்தது. காசு கொடுத்துக் குதிரையேற வந்த பட்டணத்துக்காரர்தான் அங்கே டியூட். அவர்களைத் தங்கவைத்துச் சம்பாதிக்கும் 'டியூட் ரான்ச்'கள் முளைத்தன. 1926-இல் அவற்றின் உரிமையாளர்கள் சங்கமே அமைத்துக்கொண்டார்கள்.

உண்மையான திருப்பம் 1930, 40-களில் வந்தது. தொளதொள கால்சட்டையும் முழங்காலைத் தொடும் கோட்டும் அணிந்த கறுப்பின, மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்குள் பெருமையாகவே புழங்கினார்கள். வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்துக்கு இது எட்ட வெகுகாலம் பிடித்தது. 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் ஜாக் நிக்கல்சன் ஒரு சிற்றூர் வக்கீல். டியூட் என்றதும் அவருக்கு அந்தக் குதிரைப் பண்ணைதான் நினைவுக்கு வருகிறது. நல்ல மனுஷன், நம்மில் ஒருத்தன் என்று அர்த்தம் என அவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பிறகு கலிபோர்னியாவின் கடலலைச் சறுக்கு இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஹாலிவுட் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2025 தீபாவளிக்கு பிரதீப் ரங்கநாதன் நடித்து வந்த படத்தின் பெயரும் 'டியூட்' தான்.

2004-இல் ஸ்காட் கீஸ்லிங் என்ற மொழியியலாளர் இந்த ஒரே சொல்லுக்கு ஒரு முழு ஆய்வுக் கட்டுரை எழுதினார். நெருக்கம் உண்டு, ஆனால் குழைவு இல்லை. இளைஞர்களுக்கு இது தோதாக இருக்கிறது என்பது அவர் கண்டது. அழைக்க மட்டுமல்ல, வியக்க, அலுத்துக்கொள்ள, அதட்ட, ஆறுதல் சொல்ல எல்லாவற்றுக்கும் அதுவே. இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் வேறொன்று. முதலில் ஆண்களுக்குள் புழங்கியதுதான் என்றாலும் பெண்களும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது இன்று சகஜம்.

ஆண்பால் என்று வருந்துகிறீர்கள். மகள் சின்னவளாக இருந்தபோது "என்னடா கண்ணு, பசிக்குதாடா?" என்று நீங்கள் கேட்டதே இல்லையா? தமிழ் வீடுகளில் பெண்பிள்ளையை 'டா' போட்டுக் கொஞ்சாதவர்கள் குறைவு. அங்கே பால் எங்கே போனது? உங்கள் மகள் செய்வதும் அதேதான். அதுவும் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிற டியூட்!

எனவே கோபம் வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் 'அம்மா என்றே கூப்பிடு' என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள், அதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. மேலதிகாரியிடமும் நேர்முகத் தேர்விலும் மட்டும் அது வாய் தவறி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்காவிலேயே அங்கெல்லாம் அது எடுபடாது.