நாடகமே பள்ளிக்கூடம்

நகைச்சுவை நாடகம் சிரித்துவிட்டு எழுந்து போவதற்கே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1983-இல் இலண்டனில் மேடையேறிய ‘டெய்சி புல்ஸ் இட் ஆஃப்’ என்னும் ஆங்கில நாடகம் சிந்திக்கவும் வைப்பது. அதை எழுதியவர் டெனிஸ் டீகன் என்ற பெண்மணி. காலம் 1927, களம், செல்வர் வீட்டுப் பெண்கள் தங்கிப் பயிலும் பள்ளி. உதவித்தொகை பெற்று அங்கே சேரும் ஏழைப்பெண் டெய்சி, ஏளனத்தையும் வீண்பழியையும் தாங்கி இறுதியில் வெல்கிறாள். சிறுமியராக நடிப்பவர்களோ வளர்ந்த நடிகையர்! சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்?

தமிழகத்தில் இது தலைகீழாக நடந்தது. இங்கே சிறுவர்கள் அரசராகவும் முனிவராகவும் நடித்தார்கள். அவையே ‘பாய்ஸ் கம்பெனி’கள். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் புகழ்பெற்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் வேறு பாய்ஸ் கம்பெனிகளில் பயின்றவர்களே. அச்சிறுவர்களுக்குக் கம்பெனி வீடே விடுதி, ஒத்திகையே வகுப்பு, பாடம் சொல்லித் தருபவர் ‘வாத்தியார்’. வறுமையில் பிறந்த பிள்ளைக்குச் சோறும் தமிழும் இசையும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன.

ஆனால், மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் என்ன ஆயிற்று? பாட்டுப் போயிற்று, பெண்வேடமும் போயிற்று. கலையில் நிலைத்தவர் சிலரே. மற்றவர் கையில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழும் இல்லை. டெய்சிக்குக் கிடைத்த உதவித்தொகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். ஆதலால் இவ்வேற்றுமையை ஏட்டளவில் மட்டும் என்னால் எண்ண இயலவில்லை. திறமை எல்லா வீட்டிலும் பிறக்கிறது. குரல் மாறினாலும் மாறாத கல்விதான் எல்லா வீட்டிற்கும் வருவதில்லை.

சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுவையில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் உள்ளது. கல்லூரி நாள் விழாவுக்கு நாடகம் தேடும் நண்பர்களே, அங்கே ஒருமுறை சென்று வாருங்கள். கம்பெனி வீட்டையே களமாக்கி நாமும் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதலாம். ஒட்டுமீசை நழுவ அரசாளும் சிறுவனைக் கண்டு அவை சிரிக்கட்டும். திரை விழுந்தபின், அவன் எந்தப் பள்ளியில் படித்தான் என்றும் கேட்கட்டும்.