கடற்கரைப் பேச்சு

கேள்வி: தூத்துக்குடிக் கடற்கரையை வைத்து நாவல் எழுதுகிறேன். அங்குள்ள பேச்சை அப்படியே எழுதினால் வெளியூர் வாசகருக்குப் புரியுமா?

பதில்: புரியும், தயங்காமல் எழுதுங்கள். வண்ணநிலவன் ‘கடல்புரத்தில்’ நாவலில் அந்தக் கரையின் பேச்சைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தார். தூத்துக்குடிப் பரதவர் வாழ்வைச் சொல்லும் ஜோ டி குருஸின் ‘கொற்கை’க்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

சொற்களை விடப் பெரிய சிக்கல் விளக்கம்தான். கடலில் நிற்கும் ஒருவர் தன் கூட்டாளியிடம், “கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்று வருகிறது” என்று சொல்லவே மாட்டார். “கொண்டல் கெளம்பிட்டு, பாய எறக்குல” என்பார். அடுத்த வரியில் பாய் இறங்கினால் போதும், மதுரை வாசகருக்கும் கொண்டல் எதுவென்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, யார் யாரிடம் பேசுகிறார் என்பது. சங்கு குளிப்பவர் மகனை ‘ஏல’ என்று கூப்பிடுவார், தோணியின் தலைவரான தண்டலை அப்படிக் கூப்பிடமாட்டார். “அப்பா வந்தாவ” என்பதில் அந்த ‘ஆவ’வுக்குள் எவ்வளவு மரியாதை! அதை ‘வந்தாங்க’ என்று மாற்றினால் பேசுகிறவரின் ஊரே போய்விடுகிறது. எழுதியதை அந்தக் கரைக்காரர் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே திருத்துகிறாரோ அங்கே திருத்துங்கள்.