வீட்டைக் காலி செய்வதும் ஒரு பாடம்தான்



வாடகை வீடு தேடும்போது வழி சொல்ல பத்து சீனியர்கள் வருவார்கள். அந்த வீட்டை விட்டு எப்படி முறையாக வெளியேறுவதுன்னு சொல்லித் தர ஒருத்தரும் வருவதில்லை. நான் செர்டாங் பக்கம் ஒரு தரைவீட்டில் ஐந்து நண்பர்களோடு தங்கிப் படிக்கும் பொறியியல் மாணவன். வீட்டுக் கணக்கு என் பொறுப்பு. இதற்கு முன் இருந்த வீட்டை நாங்கள் காலி செய்தபோது தெரிந்துகொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வீட்டு வாடகை மாதம் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம், அதாவது 3,000 வெள்ளி. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், 750 வெள்ளி. மொத்தம் 3,750. ஆறு பேர் என்றால் தலைக்கு 625 வெள்ளி. இது நம்ம காசு இல்லை. அப்பா கூடுதல் நேரம் வேலை செய்து கொடுத்தது, அல்லது பிற்பாடு நாம் திருப்பிக் கட்ட வேண்டிய கல்விக் கடன். "போனா போகுது" என்று விட்டுவிட முடியுமா?

1. இரண்டு மாதத்துக்கு முன்: ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

நம் நாட்டில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாமலேயே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் நமக்குப் பெரிய ஆதாரம். அதில் மூன்று விஷயம் பாருங்கள்: முடியும் தேதி, எத்தனை மாதத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும், முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும். பல ஒப்பந்தங்கள் இரண்டு மாத முன்னறிவிப்பு கேட்கும்.

வாய்ச்சொல் போதாது. ஒரு சிறிய கடிதம் எழுதுங்கள். வீட்டு முகவரி, காலி செய்யும் தேதி, எல்லாருடைய பெயர், கையெழுத்து இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "கிடைத்தது" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாணவர் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பந்தத்தில் இருப்பது மூன்று வருடத்துக்கு முன் படிப்பு முடித்துப் போன சீனியர் பெயராக இருக்கும். ஒருவர் போகும்போது அடுத்தவர் அவர் கையில் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். கடைசியில் பணம் யாருக்கு வர வேண்டும் என்பதற்கு ஒரு தாளும் இருக்காது. அதனால் ஒவ்வொரு ஆள் மாறும்போதும் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி, வீட்டுக்காரருக்கும் தெரியப்படுத்துங்கள்.

2. கடைசி மாத வாடகையைக் கட்டுங்கள்

"முன்பணத்தில் கழிச்சுக்கோங்க" என்று சொல்லி கடைசி மாத வாடகையை நிறுத்துவது நம்மிடையே பழக்கம். ஆனால் முன்பணத்தை வாடகையாகக் கழிக்கக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். நாமே ஒப்பந்தத்தை மீறிவிட்டால் பிறகு நியாயம் கேட்பது கஷ்டம்.

தேதி தாண்டியும் தங்காதீர்கள். காலம் முடிந்த பிறகு சம்மதம் இல்லாமல் இருந்தால், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி வீட்டுக்காரர் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். அதே சமயம், நாம் உள்ளே இருக்கும்போது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றி நம்மை வெளியே தள்ள அவருக்கும் உரிமை இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

3. ஒரு மாதத்துக்கு முன்: வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

நாளடைவில் வரும் தேய்மானம் வேறு, நாம் செய்த சேதம் வேறு. வெயிலில் மங்கிய சாயம் தேய்மானம். கதவில் விழுந்த ஓட்டை சேதம். குடிவந்த அன்று எடுத்த படங்கள் இருந்தால் இந்த வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடியும். எங்கள் வீட்டில் சுவரில் இருந்த ஈரக்கறைக்குச் சாயம் பூச 400 வெள்ளி கழிப்பதாக வீட்டுக்கார ஆன்ட்டி சொன்னார். முதல் நாள் படத்தைக் காட்டினோம். கறை அப்போதே இருந்தது. அவர் அதை விட்டுவிட்டார். உடைந்த அலமாரிக் கீலுக்கு 80 வெள்ளி கேட்டார். அது நாங்கள் உடைத்தது, கொடுத்தோம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு வேலை சாமி மேடைச் சுவர். கற்பூரக் கரியை ஈரத்துணியால் உடனே தேய்த்தால் அது பரவும். முதலில் உலர்ந்த துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். கரியும் எண்ணெயும் ஊறிய இடத்தில் நேரடியாகச் சாயம் அடித்தால் கறை மேலே எட்டிப் பார்க்கும். முதலில் கறை மறைக்கும் பிரைமர் பூச வேண்டும். தோரண ஆணித் துளைகளைப் புட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள்.

பழைய சாமி படங்களை அரச மரத்தடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து கிடப்பது வழிபாடு ஆகுமா? வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், அல்லது கோயில் அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் கொடுங்கள்.

4. கடைசி வாரமும் கடைசி நாளும்

மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் மூடச் சொல்லி விண்ணப்பியுங்கள், கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். இணையச் சேவை பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம். பாதியில் நிறுத்தினால் அபராதம் வரலாம், புது வீட்டுக்கு மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

காலி வீட்டை வீட்டுக்காரரோடு நடந்து பாருங்கள். சாவிகளை எண்ணிக் கொடுங்கள். எத்தனை சாவி, என்ன குறை, எவ்வளவு கழிவு, மீதி எந்தத் தேதிக்குள் வரும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

5. பணம் வரவில்லை என்றால்

முதலில் மரியாதையாக நினைவூட்டுங்கள். பிறகு தேதி குறிப்பிட்டுக் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் படிவம் 198 மூலம் நாமே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. எனவே குடிபுகும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வாடகை விளம்பரங்களில் நம் இனத்தவருக்கு இல்லை என்று எழுதியிருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது தவறு, அந்தப் பழியை நாம் சுமக்கத் தேவையில்லை. ஆனால் நம்மை நம்பி சாவி கொடுத்தவரும் இருக்கிறார். சுத்தமாகத் திருப்பிக் கொடுத்த வீடு, அடுத்து வரும் ஜூனியர்களுக்குத் திறந்த கதவு. எங்கள் ஆன்ட்டி, "உங்க ஜூனியர் யாராவது வீடு தேடினா சொல்லுங்க" என்று கேட்டார். இப்போது அங்கே நான்கு தங்கைகள் தங்கிப் படிக்கிறார்கள்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க:

• உங்கள் வாடகை ஒப்பந்தம் இப்போது எங்கே இருக்கிறது? அதில் யார் பெயர் இருக்கிறது?

• வீட்டில் ஒருவர் தன் பங்கு பில்லைக் கட்டாமல் போய்விட்டால் மற்றவர்கள் என்ன செய்வது?

• இன்றே உங்கள் அறையின் நான்கு சுவரையும் படம் எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் செய்தோம் என்று பார்ப்போம்.