எந்த நாளின் விதி?

"ஆயுள் தண்டனையா? பதினான்கு வருஷத்தில் விட்டுவிடுவார்கள்" என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை என்பது ஆயுள் முழுவதற்கும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே கோபால் விநாயக் கோட்சே வழக்கில் கூறிவிட்டது. அதற்குமுன் விடுவிப்பது அரசின் அதிகாரம், கைதியின் உரிமையல்ல. (பரோல் வேறு. அது சில நாட்கள் வெளியே போய்த் திரும்புவதற்கான அனுமதி. நான் இங்கே எழுதுவது முன்விடுதலையைப் பற்றி.)

அந்தப் பதினான்கு எங்கிருந்து வந்தது? 1978 டிசம்பர் 18 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்திற்கு ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் கழித்தே ஆகவேண்டும் என்றது அது. அதற்குமுன் நன்னடத்தைக்கும் சிறை வேலைக்கும் கிடைக்கும் கழிவு நாட்களைக் கூட்டி, இன்னும் சீக்கிரமாக வெளியே வர வழியிருந்தது. அந்தக் கணக்கை நம்பி நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களின் கதி என்ன?

அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்திலுள்ளதைவிட அதிக தண்டனை கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20(1)ஆம் பிரிவு. அதைக் காட்டி வாதாடினார்கள். 1980-இல் மாரு ராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தண்டனையே ஆயுள் முழுவதும் என்றால், 14 ஆண்டுகள் எப்படி அதைவிட அதிகமாகும்? தர்க்கம் சரிதான். ஆனால் சிறைக்குள் இருப்பவனுக்குத் தண்டனை என்பது தீர்ப்பில் எழுதிய சொல் அல்ல, இன்னும் எத்தனை வருஷம் என்ற எண்ணிக்கைதான். நீதிமன்றமும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 433-ஏ முன்தேதியிட்டுப் பாயாது, 1978 டிசம்பர் 18-க்கு முன் விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களைத் தொடாது என்று அதே தீர்ப்பு காப்பாற்றியது.

எனக்கு உறுத்துவது அந்தத் தேதிதான். குற்ற நாள் அல்ல, தீர்ப்பு நாள் அளவுகோலானது. 1976-இல் ஒரே மாதத்தில் ஒரே மாதிரிக் குற்றம் செய்த இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வழக்கு 1977-இல் முடிந்தது. மற்றவர் வழக்கு வாய்தா வாங்கி வாங்கி 1979-க்குப் போனது. முதல்வருக்குப் பழைய விதி, இரண்டாமவருக்குப் புதியது. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று எவரும் கேட்பதில்லை. குற்ற நாளையே அளவாக வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

2010-இல் ஹரியானா அரசு–ஜகதீஷ் வழக்கிலும் தீர்ப்பு நாளே நின்றது. பிந்திய விதி கைதிக்குச் சாதகமானால் அதன் பலனையும் தரலாம் என்ற சலுகை சேர்ந்தது.

இந்தக் கொள்கைக்கு வந்த கடும் சோதனை பில்கிஸ் பானு வழக்கு. குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டது 2008-இல். அப்போது குஜராத்தில் 1992-ஆம் ஆண்டுக் கொள்கை இருந்தது. இத்தகைய குற்றவாளிகளை விலக்கிய கொள்கை 2014-இல்தான் வந்தது. பழையதன்படி 2022 ஆகஸ்ட் 15 அன்று 11 பேர் விடுதலையானபோது நாடே கொதித்தது. நானும் கொதித்தேன். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. முக்கியக் காரணம், விசாரணை மும்பையில் நடந்ததால் முடிவெடுக்க வேண்டியது மகாராஷ்டிர அரசு என்பதே. 2014-ஆம் ஆண்டுக் கொள்கையைப் பின்னோக்கிப் பாய்ச்சி அவர்களை உள்ளே அனுப்பவில்லை. அப்படிச் செய்திருந்தால், யாருக்கும் தெரியாத ஆயிரம் ஏழைக் கைதிகளின் கணக்கும் அதோடு கலைந்திருக்கும்.

2024 ஜூலை 1 முதல் 433-ஏ இருந்த இடத்தில் புதிய சட்டத்தின் 475-ஆம் பிரிவு இருக்கிறது. அதிலும் அதே 14 ஆண்டுகள். எந்த நாளை வைத்து என்பதை அதுவும் சொல்லவில்லை.